அவர் ஏன் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்?

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவியிடம் கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன்.

திருட்டு ஒன்றும் இல்லை. பொய். அதுவும் ஒரு புத்தகத்தைப் பற்றி!

காலை பத்து மணிக்கு ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். ஏறிய நெற்றி, கழுத்தில் வெளிச்சத்தை அளக்கிற லைட் மீட்டர். ஞாயிற்றுக்கிழமைகூட லைட் மீட்டரைக் கழற்றி வைக்காத ஆள் உதவி கேமராமேனாகத்தான் இருக்க முடியும். அப்படித்தான் இருந்தார். இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவராம். சினிமா எடுப்பதைப் பற்றிய புத்தகங்கள் என்னிடம் மூன்று அலமாரி இருக்கின்றன என்று நான் எப்போதோ இங்கே பீற்றிக்கொண்டதை ஞாபகம் வைத்திருந்தார்.

"சார், ஒரே ஒரு புத்தகம் வேணும். அட்டை இல்லாத பழைய கேமரா புத்தகம் ஒண்ணு உங்ககிட்ட இருக்குதாமே? பனி, மணல், கடல்... இங்கெல்லாம் எப்படி ஷூட் பண்றதுன்னு தனியா ஒரு அத்தியாயமே இருக்குதுன்னு சொன்னாங்க. அடுத்த மாசம் உப்பளத்துல ஒரு பாட்டு எடுக்கப் போறோம்."

"எந்த உப்பளம்?"

"மரக்காணம், சார்."

கையில் இருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அந்தப் புத்தகமா? செல்லரிச்சுப் போச்சு. தூக்கிப் போட்டாச்சு."

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "எது, அந்த அட்டை இல்லாததா? மேல் தட்டுலதானே இருக்குது? போன வாரம்கூட தூசி தட்டினேனே!"

அவர் என்னைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன். காபியைக் குடித்துவிட்டு, "பரவால்லை சார்" என்று எழுந்தவர், தன் விலாசத்தை ஒரு சீட்டில் எழுதி மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

மனைவி கரண்டியோடு வந்து நின்றாள். "என்ன மனுஷன் நீங்க? ஒரு புத்தகம். படிச்சிட்டுக் குடுக்கப் போறார். இதுக்கு ஒரு பொய்யா?"

அவளுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கல்யாணமாகி ஐந்து வருஷமாகிறது. இந்த ஒன்றை மட்டும் அவளிடம் சொன்னதே இல்லை. ஞாயிறு மதியம் சொன்னேன். இப்போது உங்களுக்கும் சொல்லித் தொலைக்கிறேன்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் நான் மரக்காணத்தில் இருந்தேன். ஒரு தனியார் உப்பளத்தில் எடை கிளார்க். மூட்டை வரும், தராசில் ஏறும், நான் எழுதுவேன். காலை பத்து மணிக்கெல்லாம் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். பிறகு நாள் முழுக்க வெயில், உப்பு, காற்று. சினிமாப் புத்தக வியாதி எனக்குப் பிடித்தது அங்கேதான்.

சினிமாப் பைத்தியங்களில் பல தினுசு உண்டு. நடிகர் படத்தை பர்ஸில் வைத்திருப்பவர்கள். பாட்டுப் புத்தகம் சேர்ப்பவர்கள். ஒரே படத்தை இருபது தடவை பார்ப்பவர்கள். நான் இதில் எந்த வரிசையிலும் சேர மாட்டேன். படம் எப்படி எடுக்கிறார்கள் என்பதுதான் எனக்கு வேண்டும். விளக்கை எங்கே வைக்கிறான்? பிலிமை எப்படி வெட்டி ஒட்டுகிறான்? மழை பெய்யாத ஊரில் மழையை எப்படி வரவழைக்கிறான்? டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து எல்லாரும் கதாநாயகியோடு சேர்ந்து அழுதுகொண்டிருப்பார்கள். நான் அவள் மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

கேமராவை நான் தொட்டதுகூட இல்லை. அது வேறு விஷயம்!

மரக்காணத்தில் இந்த மாதிரிப் புத்தகங்களுக்கு எங்கே போவது? அதற்குத்தான் கோவிந்தன் இருந்தான். உப்பளத்தில் உப்பு வாருகிறவன், என் வயதுக்காரன். மேஸ்திரி இருந்தால் என்னை "சார்" என்பான், இல்லாவிட்டால் "ஏம்பா" என்பான். வாரத்தில் ஒருநாள் லோடு இறக்குவதற்காக லாரியோடு பாண்டிச்சேரிக்குப் போவான். அங்கே ஒரு பழைய பேப்பர் கடை இருந்தது. மூட்டை மூட்டையாக இங்கிலீஷ் புத்தகங்களும் பிரெஞ்சுப் புத்தகங்களும் எடைக்கு வந்து விழும்.

கோவிந்தனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தமிழே படிக்கத் தெரியாதவனிடம் இங்கிலீஷ் புத்தகம் வாங்கிவரச் சொன்ன புத்திசாலி நான். "படத்தைப் பாரு. கேமரா இருந்தா எடுத்துக்கிட்டு வா" என்று சொல்லி அனுப்பினேன்.

முதல் தடவை, பல் டாக்டர்கள் படிக்கும் புத்தகம் வந்தது. "எம்மாம் பெரிய லைட்டு பாருபா, சினிமா லைட்டுதானே?" என்றான். அடுத்தது, தையல் மிஷினைப் பழுது பார்ப்பது எப்படி என்று பிரெஞ்சில். அப்புறம் அவனுக்குக் கை பழகிவிட்டது. டிராலி, கிரேன், எடிட்டிங் மேஜை... எல்லாவற்றையும் படத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவான். கடைக்காரரே அவனைப் பார்த்தால் சினிமாப் புத்தகக் கட்டைத் தனியாக எடுத்து வைக்கிற அளவுக்கு வந்துவிட்டது. என் மூன்று அலமாரியில் முதல் அலமாரி முழுக்கக் கோவிந்தன் கண்ணால் பொறுக்கி எடுத்தது.

அதற்கு அவன் கேட்ட கூலி ஒன்றுதான். புத்தகத்தைத் தமிழில் படித்துக் காட்ட வேண்டும்.

காலை வேலை முடிந்ததும் எடைக் கொட்டகையின் நிழலில் உட்காருவோம். நான் டிக்ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டுத் தடுமாறித் தமிழ்ப்படுத்துவேன். அவன் கஞ்சித் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து கேட்பான். அவன் பெண்சாதி பட்டு மூட்டை தைத்துக்கொண்டே, "ரெண்டு பேரும் நாளைக்கே மெட்ராஸ் போயி படம் புடிக்கப் போறீங்களா?" என்று கிண்டல் செய்வாள்.

ஒருநாள் அவன் அட்டை போன ஒரு தடிப் புத்தகத்தைக் கொண்டுவந்தான். கேமராமேன்களுக்கான கையேடு. பெயர் தெரியாது, எழுதியவர் யாரென்றும் தெரியாது. அவனே நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்துக் காட்டினான். முழுப்பக்கப் படம். வெள்ளை வெளேரென்று ஒரு பனிமலைச் சரிவு. அதில் கேமராவோடு ஒரு வெள்ளைக்காரர். இரண்டு பக்கமும் தோல் வைத்து மூடிய கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

"நம்ம உப்பளம் மாதிரியே இருக்குது பாருபா! இதுக்காவத்தான் எடுத்தேன்."

உண்மைதான். அச்சாக எங்கள் உப்புக் குவியல்கள் மாதிரியே இருந்தது.

"ஏம்பா, இந்த ஆளு எதுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கினு இருக்கிறாரு?"

நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஸ்டைல்தான். வெள்ளைக்காரன் அப்படித்தான் போடுவான்."

அந்தப் பதிலை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஏழு வருஷமாக வைத்திருக்கிறேன்.

அந்தப் படத்தைத் திருப்பினால் அடுத்த தாளிலேயே இரண்டு பத்தி இருந்தது. பனி, மணல் மாதிரியான வெள்ளைப் பரப்பில் வேலை செய்யும்போது யூனிட்டில் ஒருவர் விடாமல் எல்லாரும் கறுப்புக் கண்ணாடி போட வேண்டும். கீழேயிருந்து திரும்பி அடிக்கிற வெளிச்சம் கண்ணைச் சுட்டுவிடும். அப்படி ஆகிவிட்டால் கண்ணைத் தேய்க்கவே கூடாது. ஈரத்துணி போட்டு இருட்டறையில் இரண்டு நாள் படுக்க வேண்டும். சீழ் கட்டினால் உடனே டாக்டர். இவ்வளவுதான்.

அதை நான் படித்தேன். மனசுக்குள் படித்தேன். கோவிந்தனுக்குச் சொல்லவில்லை. தொப்பி, கண்ணாடி, துணி... இதெல்லாம் யாருக்கு வேண்டும்? எனக்கு ஃபில்டர் வேண்டும், எக்ஸ்போஷர் வேண்டும். தாவிவிட்டேன். வெள்ளை நிறத்தில் பிலிம் வெந்து போகாமல் காப்பாற்றுவது எப்படி என்பதை மட்டும் அரைமணி நேரம் கைகாலை ஆட்டி அவனுக்கு விளக்கினேன்.

இதோடு நின்றிருந்தால் பிழைத்திருப்போம். நான் நிற்கவில்லை. ஒரு பத்திரிகையில், பனிமலைப் பாட்டு எடுக்கக் காஷ்மீர் போகக் கட்டுப்படியாகவில்லை என்று ஒரு தயாரிப்பாளர் புலம்பியிருந்ததைப் பார்த்தேன். விடுவேனா? 'காஷ்மீர் எதற்கு? மரக்காணம் வாருங்கள். இங்கே மலை மலையாக உப்பு இருக்கிறது. கேமராவுக்குப் பனிக்கும் உப்புக்கும் வித்தியாசம் தெரியாது' என்று நாலு பக்கம் எழுதிப் போட்டேன். புத்தகத்திலிருந்து ஃபில்டர் நம்பரைக்கூட எடுத்து எழுதினேன்.

வந்துவிட்டார்கள்! சித்திரை மாதம், ஒரு வேன், இரண்டு கார். உப்பள முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கு அதைவிட. புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேமராமேன் பின்னாலேயே அலைந்தேன். "வெளிச்சத்தை ரெண்டு ஸ்டாப் குறைக்கணும் இல்லீங்களா?" என்று கேட்டேன். அவர் திரும்பிப் பார்த்து, "சார் எந்த ஸ்டூடியோ?" என்றார். அவர் கேலி செய்தாரா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

அவர்கள் எல்லாரும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள். டைரக்டர், கேமராமேன், நடனம் சொல்லித் தருகிறவர், கதாநாயகியின் அம்மா... ஒருவர் பாக்கியில்லை. நான்கூட ஒன்று இரவல் வாங்கி மாட்டிக்கொண்டேன். எதற்கு? ஸ்டைலுக்கு.

இங்கே உப்பளத்துக்காரர்களின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர்கள் விடிவதற்கு முன்பே உப்புப் பாத்தியில் இறங்கிவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் கரையேறிவிடுவார்கள். தலைத்துண்டைப் புருவம் வரைக்கும் இறக்கிக் கட்டுவார்கள். குனிந்த தலை நிமிராது. புதிதாக வருகிறவனுக்கு மேஸ்திரி சொல்கிற முதல் பாடமே, "வெயிலு ஏறிடுச்சின்னா உப்பைப் பார்க்காதே, காலைப் பாரு" என்பதுதான். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை. அப்படியே செய்துகொண்டிருந்தார்கள், கண்ணும் ஏதோ தாங்கிக்கொண்டிருந்தது.

சினிமாவுக்கோ உச்சி வெயில் வேண்டும். அப்போதுதான் உப்பு பனியாக மின்னுமாம்.

ரிஃப்ளெக்டர் பிடிக்க ஆள் குறைந்தது. பெரிய பலகையில் வெள்ளிக் காகிதம் ஒட்டியிருக்கும். வெயிலை வாங்கிக் கதாநாயகி முகத்தில் அடிக்க வேண்டும். "நம்ம ஆளு ஒருத்தன் இருக்கிறான் சார், சினிமா டெக்னிக் அத்தனையும் தெரியும்!" என்று கோவிந்தனைப் பிடித்து முன்னால் தள்ளினேன். அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. புத்தகத்தில் படமாகப் பார்த்த பலகை, நிஜமாகவே அவன் கையில்!

பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை அவன் உப்புக் குவியல்மேல் நின்றான். கீழே உப்பு, கையில் வெள்ளிப் பலகை. வெளிச்சம் நகராமல் இருக்கிறதா என்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் நாள் தலைத்துண்டோடுதான் நின்றான். டைரக்டர் மைக்கில் கத்தினார். "துண்டு பறந்து ஃபிரேமுக்குள்ள வருதுய்யா, அவுத்துப் போடு!" அவிழ்த்துப் போட்டான். நான்தான் ஓடிப்போய் வாங்கி வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் எடைக் கொட்டகைக்கு வந்தான். கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தது. நீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

"கண்ணுல மணலை வாரிப் போட்ட மாதிரி இருக்குதுபா. தொறக்க முடியல. நாளைக்கு வேற ஆளைப் போட்டுக்கச் சொல்லேன்."

அப்போது எனக்கு அந்தப் பக்கம் ஞாபகம் வந்ததா? வந்தது. பொய் சொல்ல மாட்டேன். பளிச்சென்று வந்தது. ஆனால் அன்று மத்தியானம்தான் கேமராமேன் என் தோளில் தட்டி, "நாளைக்குக் கடைசி ஷாட்டுக்கு முன்னாடி உங்களைக் கேமராவுல பார்க்க விடறேன்" என்று சொல்லியிருந்தார். ஆள் இல்லாமல் ஷூட்டிங் தடைப்பட்டால்? நான் சிபாரிசு செய்த ஆள் வரவில்லை என்று ஆகிவிட்டால்? வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கேமரா வழியாகப் பார்க்கப் போகிறேன். அது போய்விடுமே!

"தண்ணி விட்டுக் கழுவுப்பா, சரியாப் போயிடும். நாளைக்கு ஒருநாள்தானே? என் மானத்தைக் காப்பாத்து."

"சரி" என்றான் கோவிந்தன். அவன் அப்படித்தான்.

மூன்றாம் நாள் நான் கேமராவில் கண்ணை வைத்தேன். அந்தச் சின்னச் சதுரத்துக்குள் மரக்காணம் இமயமலையாக இருந்தது. வெள்ளைச் சரிவு, நீல வானம், சிவப்புப் புடவை. புத்தகத்தில் படித்தது எல்லாம் ஒரே நொடியில் புரிந்துவிட்ட மாதிரி இருந்தது. இடது ஓரத்தில் மட்டும் ஒரு கறுத்த கை, ஒரு பலகை மூலை, கண்ணை இடுக்கிக்கொண்டு ஒரு முகம்.

"கோவிந்தா! ஃபிரேம்ல வர்ற, தள்ளிப் போ!" என்று கத்தினேன்.

அவன் தள்ளிப் போனான்.

யூனிட் அன்றைக்கே மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. கோவிந்தன் கண்ணைத் திறக்கவே முடியாமல் குடிசையில் கிடந்தான். உப்புக் கையால் கசக்கு கசக்கு என்று கசக்கியிருக்கிறான். பட்டு விளக்கெண்ணெய் விட்டாள். சந்தையில் மருந்து விற்கிறவன் ஏதோ இலையைப் பிழிந்து விட்டான். அப்புறம் சீழ் வைத்தது. நான் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். "ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றேன். இருட்டறை, ஈரத்துணி, டாக்டர்... ஒன்றையும் சொல்லவில்லை. சொன்னால், 'இது உனக்கு எப்படித் தெரியும், எப்போது தெரியும்' என்று கேட்பானே? அந்தப் பயம்தான். வேறென்ன? எட்டாம் நாள்தான் பாண்டிச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம்.

டாக்டர் ரொம்ப நேரம் விளக்கடித்துப் பார்த்தார். "தேய்க்காம ரெண்டு நாள் இருட்டுல படுத்திருந்தாலே ஆறியிருக்குமேய்யா. யாருமே சொல்லலையா?" என்றார்.

யாருமே சொல்லவில்லை.

வலது கண்ணில் முழுசாகப் பூ விழுந்துவிட்டது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. பகலா இரவா என்று சொல்வான், அவ்வளவுதான். பட்டு பஸ்ஸில் கீழ்ப்புத்துப்பட்டு தாண்டும்வரை அழவில்லை. கூனிமேட்டில் பஸ் நின்றபோது அழ ஆரம்பித்தவள், மரக்காணம் வந்தும் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

ஐப்பசியில் படம் வந்தது. எங்கள் டூரிங் டாக்கீஸுக்கும் வந்தது. எங்கள் இமயமலை அரை நிமிஷம் ஓடியது. ஊரே விசிலடித்தது, "நம்ம உப்புடா!" என்று. கோவிந்தன் பட்டுவின் தோளைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தான். என் பக்கம் திரும்பிக் கேட்டான்.

"நான் தெரியறனாபா?"

"இல்லப்பா" என்றேன்.

எப்படித் தெரிவான்? நான்தானே தள்ளிப் போகச் சொன்னேன்.

அந்த மாதக் கடைசியில் அவன் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினான். "அந்தப் பனிமலைப் புஸ்தகத்தை எடுத்துக்கினு வாயேன். சும்மாவே உக்காந்திருக்கிறேன். மொதல்லேருந்து படி." போனேன். படித்தேன். நாலைந்து நாளில் அந்த அத்தியாயம் வந்தது. படம் வந்தது. அந்தத் தாளையும் அடுத்த தாளையும் சேர்த்து ஒன்றாகத் திருப்பினேன்.

"ரெண்டு தாளு ஒண்ணாத் திரும்பின மாதிரி சத்தம் கேட்டுதே?"

"ஒட்டிக்கிட்டு இருக்குதுப்பா."

"உப்புக் காத்து. ஒட்டிக்கும்" என்றான். அப்புறம், "அந்த ஆளு எதுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாருன்னு சொன்னே?" என்று கேட்டான்.

வாசகர்களே, இப்போதாவது சொல்லியிருக்கலாம் இல்லையா? எதிரே இரண்டு கண்ணும் போனவன் உட்கார்ந்து கேட்கிறான். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஸ்டைலுக்குத்தான்" என்றேன்.

இரண்டு மாதத்தில் மெட்ராஸில் வேலை தேடிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். பத்திரிகையில் சேர்ந்தேன். எழுதினேன். சினிமா நுணுக்கம் தெரிந்த எழுத்தாளர் என்று பெயர்கூட வாங்கினேன். புத்தகம் சேர்ந்துகொண்டே போனது. மரக்காணத்துக்கு ஒரு கார்டுகூடப் போடவில்லை. போட்டாலும் படித்துச் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிறு மதியம் இதைச் சொல்லி முடித்ததும் மனைவி எழுந்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறி அந்தப் புத்தகத்தை எடுத்தாள். என் மடியில் வைத்தாள். "மரக்காணத்துக்கு எத்தனை மணிக்கு பஸ்?" என்று மட்டும் கேட்டாள்.

வியாழக்கிழமை போனேன்.

எதுவும் மாறவில்லை. அதே வெள்ளை, அதே குனிந்த தலைகள். கோவிந்தன் உப்புக் குவியலை மூடுவதற்குப் பனை ஓலை பின்னிக்கொண்டிருந்தான். கை ஓலையில் இருந்தது, முகம் எங்கேயோ இருந்தது. பட்டு என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் திரும்பி வரவே இல்லை.

"யாரு?" என்றான்.

சொன்னேன்.

"இன்னாபா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

புத்தகத்தைப் பிரித்தேன். அந்தத் தாள்கள் நிஜமாகவே ஒட்டிக்கொண்டிருந்தன. அன்று பொய்யாகச் சொன்னேன், ஏழு வருஷத்தில் உண்மையாகவே ஒட்டிவிட்டன. மெல்லப் பிரித்து அந்த இரண்டு பத்தியையும் ஒரு வார்த்தை விடாமல் தமிழில் படித்தேன். ஒருவர் விடாமல் எல்லாரும் கறுப்புக் கண்ணாடி... தேய்க்கக் கூடாது... இருட்டறை... ஈரத்துணி. நடுவில் ஒரு வரி தடுக்கியது. திரும்ப முதலிலிருந்து படித்தேன். படத்தை முதன்முதலில் பார்த்த அன்றே எனக்கு இது தெரியும் என்பதையும் சொன்னேன்.

அவன் ஓலையைக் கீழே வைத்தான்.

"தெரியும்பா."

"எப்படி?"

"அந்தப் படத்தைப் பட்டு பார்த்தா. நீ மறுபடி படிச்சிக் காட்ட வந்தியே, அப்ப மொத நாளே. 'இதுகூடவா தெரியல, வெளிச்சம் அடிக்காம இருக்கத்தானே போட்டிருக்கிறான்'னுட்டா. அவளுக்குப் படிக்கவா தெரியும்? அடுத்த தாள்ல அதுதான் எழுதியிருக்கும்னு நெனைச்சேன். நீ ரெண்டு தாளைத் திருப்பினியே, அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமேப்பா..."

"கேட்டனே! எதுக்குக் கண்ணாடின்னு கேட்டனே. நீயாச் சொல்லுவேன்னு பார்த்தேன்." ஓலையைத் தடவி எடுத்துக்கொண்டான். "கண்ணு போனதுக்கு உன்னைச் சொல்ல மாட்டேன். நானுந்தான் ஆசைப்பட்டுப் போயி நின்னேன். ஆனா என் எதிரே உக்காந்து அப்பிடிச் சொன்னே பாரு... அது ஆறலபா."

நான் அழுதேன். அவன் அழவில்லை. சமாதானமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது.

பிறகு, அடுத்த மாதம் அங்கே மறுபடியும் ஷூட்டிங் வருவதைச் சொன்னேன். இந்தப் புத்தகத்தை ஒருவர் கேட்கிறார், கொடுப்பதா வேண்டாமா என்று கேட்டேன். கோவிந்தன் உடனே நிமிர்ந்தான்.

"குடுக்காம? குடு. நான் பொறுக்கின புஸ்தகம், நாலு பேருக்கு ஒதவட்டும். ஆனா குடுக்கறதுக்கு முன்னாடி அந்த ஆளை ஒண்ணு கேளு. கேமரா புடிக்கிறவருக்கு இருக்கும், ஆடற பொண்ணுக்கு இருக்கும். பலகை புடிக்க எங்க ஆளுங்களைத்தானே இழுப்பாங்க? அவங்களுக்கு எத்தினி கண்ணாடி வாங்கி வச்சிருக்கிறாருன்னு கேளு."

உங்கள் விலாசச் சீட்டு என் மேஜைமேல் பத்திரமாக இருக்கிறது, உதவி கேமராமேன் நண்பரே. புத்தகமும் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. கோவிந்தன் கேட்கச் சொன்னான்... எத்தனை கண்ணாடி?